மூன்று நாள் முந்தி வந்தவர்

கப்பல் ஏறிய சிப்பாய்களுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. 1798 மே 19 காலையில் தூலோன் துறைமுகத்தில் நங்கூரம் தூக்கியபோதும் தெரியாது. போர்ச்சுகல் என்றார்கள் சிலர். சிசிலி என்றார்கள் சிலர். படைக்கு வைத்திருந்த பெயரே ‘இங்கிலாந்துப் படையின் இடது அணி’. அதனால், ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டியதும் வடக்கே திரும்பி லண்டனுக்குத்தான் போகப்போகிறோம் என்று நம்பியவர்களும் உண்டு. ஜெனோவா, கோர்சிகா, ரோமுக்கு அருகிலுள்ள சிவிதாவெக்கியா ஆகிய இடங்களிலிருந்து வழியில் வந்து சேர்ந்த அணிகளையும் கூட்டினால் ஏறக்குறைய 38,000 சிப்பாய்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள். கணித மேதைகள், வேதியியலாளர்கள், பொறியாளர்கள், ஓவியர்கள் என்று நூற்றைம்பது பேருக்கும் மேல் வேறு. இத்தனை பேரில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடியில் முதல் ஆள், 28 வயதுத் தளபதி நெப்போலியன் போனபார்ட். சென்ற வாரம் அவரை ஆங்கிலக் கால்வாய்க் கரையில் விட்டுவிட்டு வந்தோம். துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிப் பார்த்தவர், பிப்ரவரி 23 அன்று பாரிஸுக்கு அறிக்கை எழுதினார்: கடலில் கை ஓங்காதவரை இங்கிலாந்தில் இறங்குவது நடக்காத காரியம். சரி, இங்கிலாந்தை அடிக்க முடியாது. இங்கிலாந்துக்குச் சோறு போடும் இடத்தை அடித்தால்? வெளியுறவு அமைச்சர் தாலிரான் ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராக வைத்திருந்தார். எகிப்து.

மார்ச் 5 அன்று ‘டைரக்டரி’ எனப்பட்ட ஐவர் ஆட்சிக்குழு சம்மதித்தது. எகிப்தின் மேல் ஆசையா, அல்லது இத்தாலியை வென்றுவிட்டுப் பாரிஸ் தெருக்களில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கும் இந்த இளைஞனைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் அனுப்பிவைக்கும் ஆசையா? இரண்டும்தான் என்று சொல்வேன். ஏப்ரல் 12 தேதியிட்ட உத்தரவு நீளமானது: எகிப்தைப் பிடி, கிழக்கே கைக்கெட்டும் இடத்திலெல்லாம் ஆங்கிலேயரை விரட்டு, சூயஸ் நிலப்பகுதியை வெட்டிக் கால்வாய் அமை, செங்கடலைப் பிரான்ஸின் கைக்குள் கொண்டுவா. செங்கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை எழுதவேண்டிய அவசியமில்லை. புதுச்சேரி 1793-லேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இந்திய மண்ணில் பிரான்ஸுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. பாரிஸிலும் தூலோனிலும் இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்த காலத்தில்தான் மொரீஷியஸில் கதை நேர்மாறாக நடந்தது. திப்பு அனுப்பிய தூதர்கள் அங்கே ரகசிய உதவி கேட்டு வந்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக் என்ன செய்தார் தெரியுமா? ‘ஆங்கிலேயரை எதிர்க்கத் திப்பு உதவி கேட்கிறார், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்’ என்று 1798 ஜனவரி 30 அன்று பகிரங்க அறிவிப்பே வெளியிட்டுவிட்டார். சேர்ந்தவர்கள் சுமார் நூறு பேர். அறிவிப்பின் பிரதி ஜூன் மாதத்தில் கல்கத்தாவில், புதிதாக வந்திறங்கியிருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் மேஜையில் இருந்தது. திப்புவின் விதியை எழுதியதில் அந்த ஒரு தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்தப் பயணத்துக்குப் பணம்? பிரான்ஸின் கஜானா துடைத்துவைத்த மாதிரி இருந்தது. டைரக்டரி சம்மதம் தந்த அதே மார்ச் 5 அன்று பிரெஞ்சுப் படை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்குள் நுழைந்தது. சுவிஸ் மக்களைப் பழைய பிரபுக்களிடமிருந்து விடுவிக்கத்தான் வந்திருக்கிறோம் என்றார்கள். விடுவித்த கையோடு பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்திருந்த பெர்ன் கஜானாவைத் திறந்தார்கள். லட்சக்கணக்கான பிராங்குகள் பாரிஸுக்குக் கூடப் போகாமல் நேராகத் தூலோனுக்கு வண்டியேறின. நகரத்தின் சின்னமான கரடிகளைக் கூட விடவில்லை. குழியிலிருந்து பிடித்துப் பாரிஸ் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

ரோமிலிருந்து வேறொரு சாமான் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ரோமைப் பிடித்து, போப்பாண்டவரை வெளியேற்றி, குடியரசு அறிவித்திருந்தது. கணித மேதை மோன்ஜ் அப்போது அங்கே இருந்தார். கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதற்காக வாடிகன் நடத்திவந்த அச்சகத்தில் அரபு எழுத்துகள் ஈயத்தில் வார்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். எதற்காக என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள்.

தளபதிக் கப்பலின் பெயர் ‘லோரியான்’. கீழ்த்திசை என்று பொருள். 1791-ல் கடலில் இறக்கியபோது பட்டத்து இளவரசரின் பெயர் சூட்டியிருந்தார்கள். மன்னராட்சி கவிழ்ந்ததும் ‘சான் குலோத்’ என்று பாரிஸின் ஏழைப் புரட்சிக்காரர்களின் பெயர் வைத்தார்கள். புரட்சியின் சூடு ஆறிய 1795-ல் மூன்றாவது பெயர். 120 பீரங்கிகள் தாங்கிய அந்த மரக்கோட்டைக்குள் போனபார்ட்டின் கட்டில் சக்கரங்கள் மேல் நின்றது. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கப்பல் ஆடும்போது கட்டில் உருண்டு கொடுக்கும் என்பது ஏற்பாடு. பக்கத்தில் பயண நூலகம். அந்தப் பட்டியலில் பைபிள், குர்ஆன், ‘வேதம்’ மூன்றையும் அவர் எந்தத் தலைப்பின் கீழ் போட்டிருந்தார் தெரியுமா? அரசியல்.

அதே மே 19-ல் தூலோனிலிருந்து அதிக தூரமில்லாத கடலில் மூன்று ஆங்கிலப் போர்க்கப்பல்கள் வேவு பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் தலைவர் ரியர் அட்மிரல் ஹொரேஷியோ நெல்சன். வலது கண்ணின் பார்வையைக் கோர்சிகாவில், அதாவது போனபார்ட் பிறந்த தீவில், பறிகொடுத்தவர். போன வருடம்தான் டெனரீஃப் சண்டையில் வலது கையும் போயிருந்தது. பிரெஞ்சுக் கடற்படை வெளியே வந்தால் அவர் கண்ணில் படாமல் போக முடியாது.

ஆனால் மறுநாள் இரவு புயல் அடித்தது.

நெல்சனின் ‘வான்கார்ட்’ கப்பலின் முன் பாய்மரம் முறிந்து விழுந்தது. மற்றப் பாய்மரங்களும் பாதி போயின. சார்டினியாவின் பாறைக் கரையை நோக்கிக் கப்பல் சரிந்துகொண்டே போனது. ‘அலெக்ஸாண்டர்’ கப்பலின் தலைவர் பால் ஒரு வடத்தைக் கட்டி இழுக்கப் பார்த்தார். இரண்டு கப்பலும் சேர்ந்து மோதிவிடும் என்று பயந்த நெல்சன், வடத்தை அறுத்துவிடச் சொல்லி உத்தரவிட்டார். பால் அறுக்கவில்லை. தன் தளபதியின் உத்தரவை மீறிய அந்த மறுப்பினால்தான் இந்தத் தொடரின் அடுத்த பல அத்தியாயங்கள் நடந்தன. சான் பியெத்ரோ தீவின் மறைவில் ஒதுங்கி, நாலே நாளில் ஒப்பேற்றிப் பாய்மரம் நட்டுவிட்டார்கள். ஆனால் திரும்ப ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று இருந்தது. முன்னால் ஓடி வேவு பார்க்கும் இலகு போர்க்கப்பல்கள், அதாவது ஃபிரிகேட்டுகள், புயலில் பிரிந்துபோயின. நெல்சனைக் காணவில்லை என்றதும் அவை ஜிப்ரால்டருக்குத் திரும்பிவிட்டன. ஜூன் முதல் வாரத்தில் கப்பல் தலைவர் ட்ரூப்ரிட்ஜ் பத்துப் பெரிய போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தார். அடிப்பதற்குக் கை வந்தது. தேடுவதற்குக் கண் வரவில்லை.

கடலில் அன்று தொலைநோக்கியில் தெரிகிற தூரம்தான் உலகம். அதற்கு அப்பால் இருப்பதையெல்லாம் எதிரே வரும் வணிகக் கப்பலை நிறுத்திக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்க வழியில்லை.

நெல்சனின் மூளை மட்டும் சரியான திக்கில் ஓடியது. ஜூன் 15 அன்று கடற்படை அமைச்சர் ஸ்பென்சருக்கு எழுதிய கடிதத்தில், பிரெஞ்சுக்காரர்கள் சிசிலியைத் தாண்டிவிட்டால் அலெக்ஸாண்ட்ரியாவைப் பிடித்துத் திப்புவோடு சேர்ந்து இந்தியாவுக்குப் படை அனுப்பும் திட்டம்தான் என்று நம்புவேன் என்கிறார். பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கே தெரியாத விஷயத்தை நடுக்கடலில் இருந்துகொண்டு ஊகித்துவிட்டார்.

*

அவர் அதை எழுதிக்கொண்டிருந்த நாளில் போனபார்ட் மால்டாவில் இருந்தார்.

மால்டா என்றால் ஐரோப்பாவுக்கு ஒரு மரியாதை. புனித யோவான் சபை வீரர்களின் கோட்டை. 1565-ல் உஸ்மானியப் பேரரசின் முற்றுகையையே தாங்கி நின்ற இடம். வலெட்டா நகரின் மதில்களைப் பார்த்தால் இன்றைக்கும் கழுத்து வலிக்கும். ஆனால் உள்ளே ஆள் இல்லை, பணம் இல்லை. சபையின் வருமானத்தில் பெரும்பகுதி பிரான்ஸிலிருந்த நிலங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1792-ல் புரட்சி அரசு அவற்றைப் பறிமுதல் செய்துவிட்டது. வீரர்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். சொந்த நாட்டுக் கொடிக்கு எதிராகப் பீரங்கியை வெடிக்க அவர்களில் பலருக்கு மனமில்லை.

ஜூன் 9 அன்று தீவின் முன்னால் கப்பல்கள் வந்து நின்றன. குடிதண்ணீர் வேண்டும், துறைமுகத்துக்குள் விடுங்கள் என்று கேட்டார் போனபார்ட். ஒரு நேரத்தில் நான்கு கப்பல்கள்தான் வரலாம் என்றார் சபைத் தலைவர் ஹோம்பெஷ். பழைய விதி அது. இத்தனை கப்பல்களும் நாலு நாலாக உள்ளே போய்த் தண்ணீர் பிடித்து முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போனபார்ட் போட்டார். தண்ணீர் கேட்டு மறுத்தார்கள் என்பதே போதுமான காரணமாயிற்று. மறுநாள் விடியற்காலையில் தீவின் பல முனைகளில் படை இறங்கியது.

பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் தொலொமியூ. நிலவியல் அறிஞர், டோலமைட் என்ற பாறைக்குப் பெயர் கொடுத்தவர். கற்களைப் பார்க்கக் கிடைக்கும் என்று நம்பிப் பயணத்துக்கு வந்தவர். அவர் ஒரு காலத்தில் அதே மால்டா சபையின் வீரர். பழைய சகாக்களிடம் போய்ச் ‘சரணடைந்துவிடுங்கள்’ என்று சொல்லும் வேலையை அவர் தலையில் கட்டினார் போனபார்ட். அறிஞர்களை அழைத்துவந்ததில் இப்படியும் ஒரு பயன் உண்டு என்று தொலொமியூ அன்று தெரிந்துகொண்டார். அந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

ஜூன் 12. லோரியானில் வைத்தே கையெழுத்து. உஸ்மானியர் மாதக்கணக்கில் முட்டி மோதிய கோட்டை மூன்று நாளில் கைமாறியது. இந்த மதிலை உள்ளேயிருந்து கதவு திறந்துவிட ஆள் இருந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் நாம் உள்ளே வந்திருக்கவே முடியாது என்று பொறியாளர் தளபதி காஃபரெலி சொன்னதாக ஒரு கதை உண்டு. அவருக்கு ஒரு கால் மரக்கால். நாக்கு மட்டும் கூர்மை.

அடுத்த ஒரு வாரத்தில் போனபார்ட் போட்ட உத்தரவுகளைப் படித்தால் மூச்சு வாங்கும். பிரபுப் பட்டங்கள் ஒழிப்பு. வீட்டு வாசல்களில் இருந்த குலச் சின்னங்கள் அகற்றல். ஆரம்பப் பள்ளிகள். அடிமை முறை ஒழிப்பு. சபையின் துடுப்புக் கப்பல்களில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான முஸ்லிம் அடிமைகள் விடுதலையானார்கள். இவையெல்லாம் உண்மையாகவே நல்ல உத்தரவுகள். அதை மறைக்க முடியாது. அதே வாரத்தில், அதே கையால், தேவாலயங்களின் வெள்ளி விளக்குகள், தட்டுகள், சிலைகள் எடை போடப்பட்டன. பலவற்றை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். லோரியானின் அடித்தளத்தில் ஏற்றினார்கள். சுதந்திரம் ஒரு கையில், தராசு இன்னொரு கையில். பெர்னில் பார்த்தது, ரோமில் பார்த்தது, இங்கேயும் அதே. மால்டா மக்கள் மூன்றே மாதத்தில் கிளர்ந்தெழுந்ததற்கு அந்தத் தராசுதான் காரணம்.

ஜூன் 19 அன்று தளபதி வொபுவாவையும் சுமார் 4,000 பேரையும் விட்டுவிட்டுக் கப்பல்கள் கிளம்பின.

*

இப்போது ஜூன் 22.

சிசிலிக்குத் தெற்கே நெல்சனின் கப்பல்கள் ஒரு வணிகக் கப்பலை நிறுத்தின. மால்டாவிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எப்போது போனார்கள்? ஜூன் 16 என்று பதில் வந்தது. உண்மையில் 19. அந்த மூன்று நாள் தவறுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அன்று காலையிலேயே தொலைவில் சில பாய்கள் தெரிந்தன. ஃபிரிகேட்டுகள் போல இருந்தன. ‘லியாண்டர்’ துரத்தக் கிளம்பியது. நெல்சன் யோசித்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆறு நாள் முன்னால் போயிருந்தால் இவை அவர்களுடையவையாக இருக்க முடியாது. இருந்தாலும் இரண்டு மூன்று சிறு கப்பல்களைத் துரத்தி நேரத்தை வீணாக்கக் கூடாது. துரத்தலை நிறுத்தச் சொல்லிச் சைகை ஏற்றினார். நம்பிக்கைக்குரிய தலைவர்களை வான்கார்டுக்கு வரவழைத்துக் கேட்டார். எல்லோரும் அலெக்ஸாண்ட்ரியா என்றார்கள். நேராகத் தென்கிழக்கே, எல்லாப் பாயும் விரித்து.

தொலைவில் தெரிந்தவை பிரெஞ்சு ஃபிரிகேட்டுகள்தான். அவற்றுக்குப் பின்னால், அடிவானத்துக்குச் சற்று அப்பால், மொத்தப் பிரெஞ்சுப் படையும் ஊர்ந்துகொண்டிருந்தது.

அன்றிரவு மூடுபனி. பிரெஞ்சுக் கப்பல்களில் விழித்திருந்தவர்களுக்கு எங்கோ தூரத்தில் பீரங்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. ஒரே சீரான இடைவெளியில். சண்டையில் அப்படி வெடிக்க மாட்டார்கள்; பனியில் ஒன்றையொன்று தவறவிடாமலிருக்க ஆங்கிலக் கப்பல்கள் கொடுத்துக்கொண்டிருந்த சைகை அது. சரக்குக் கப்பல்களில் சிப்பாய்கள், குதிரைகள், தண்ணீர்ப் பீப்பாய்கள், அறிஞர்கள் என்று நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றும் 74 பீரங்கிகள் தாங்கிய நெல்சனின் கப்பல்கள் நுழைந்திருந்தால் விடிவதற்குள் கதை முடிந்திருக்கும். பிற்காலத்து ஐரோப்பாவில் ஆஸ்டர்லிட்ஸ் இல்லை, மாஸ்கோ இல்லை, வாட்டர்லூவும் இல்லை.

சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. நெல்சன் தன் எதிரியைத் தாண்டி முன்னால் போய்விட்டார்.

*

ஜூன் 28. அலெக்ஸாண்ட்ரியா.

கிளியோபாட்ராவின் நகரம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றம்தான். உடைந்த மதில், சில ஆயிரம் மக்கள், மணலில் புதைந்த தூண்கள். நகரத்தின் பொறுப்பு சையத் முகம்மது குரையிம் என்பவரிடம். துறைமுகத்துக் கடையொன்றில் சரக்கு எடை போடுபவராக வாழ்க்கையைத் தொடங்கி, சுங்கத்துக்கும் நகரத்துக்கும் தலைவராக உயர்ந்தவர். ஊர் மக்களிடம் செல்வாக்குள்ள ஆள்.

அங்கே நடந்ததை நமக்குச் சொல்பவர் கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி. ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்டதும் ஊரே கரையில் கூடிவிட்டதாம். ஒரு சிறு படகு வந்தது. அதில் பத்துப் பேர். பிரெஞ்சுக்காரர்கள் பெரும் படையோடு கிளம்பியிருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை, ஒருவேளை உங்கள் மேல் பாயலாம், உங்களால் தடுக்க முடியாது என்றார்கள் வந்தவர்கள். குரையிம் நம்பவில்லை. இது ஏதோ சூழ்ச்சி என்று நினைத்தார். நாங்கள் கடலிலேயே நின்று காவல் காக்கிறோம், காசு கொடுக்கிறோம், தண்ணீரும் சாமானும் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார்கள். இது உஸ்மானியச் சுல்தானின் பூமி, பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கே வேலையில்லை, உங்களுக்கும் இல்லை, போய்வாருங்கள் என்று கடுமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அன்று அந்தக் கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். ஆயுதம் தரித்த ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் வந்து, இன்னொரு வெள்ளைக்காரக் கூட்டத்திடமிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. நம் ஊர்களில் அந்த வாக்கை நம்பிய ராஜாக்கள், நவாபுகளின் கதை உங்களுக்குத் தெரியும்.

துறைமுகத்தில் பிரெஞ்சுப் படையின் சுவடே இல்லை. விசாரிக்கலாம் என்றால் ஆங்கிலேயத் தூதரும் ஊரில் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். மெதுவாக ஊரும் சரக்குக் கப்பல்களை விட வேகமாக வந்து முன்னால் நிற்கிறோம் என்ற எண்ணம் மட்டும் நெல்சனுக்கு வரவில்லை. தான் தவறிவிட்டோம், நாட்டையே ஆபத்தில் விட்டுவிட்டோம் என்று மனம் குமைந்தது. தன் மேல்தளபதி செயின்ட் வின்சென்ட்டுக்கு நீண்ட தன்னிலை விளக்கக் கடிதம் ஒன்று எழுதினார். புயலில் வடத்தை அறுக்க மறுத்த அதே பால் அதைப் படித்துவிட்டு, உங்களை யாரும் குற்றம் சாட்டுவதற்கு முன்பே நீங்களே ஏன் வாதாடுகிறீர்கள் என்ற பொருளில் அறிவுரை சொன்னார். நெல்சனுக்குப் பொறுமை இல்லை. இன்னும் மூன்றே மூன்று நாள் நங்கூரம் போட்டு நின்றிருந்தால் போதும்! வடக்கே, துருக்கிக் கரையை நோக்கிக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 1 அன்று அலெக்ஸாண்ட்ரியா மக்கள் மறுபடி கரைக்கு ஓடிவந்தார்கள். இந்தத் தடவை அடிவானத்தில் தண்ணீரே தெரியவில்லை. பாய், பாய், பாய்.

*

ஆங்கிலேயர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார்கள் என்ற செய்தியைக் கரையிலிருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரி கப்பலுக்கு வந்து சொன்னதும் போனபார்ட்டுக்கு எல்லாம் அவசரமாகிவிட்டது. காற்று பலமாக அடிக்கிறது, அலை உயரம், இரவு வேறு. விடியட்டும் என்றார் கடற்படைத் தளபதி புரூயே. முடியாது, இன்றிரவே என்றார் போனபார்ட். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு பாய் தென்பட்டது. நெல்சனா? விதியே, ஐந்து நாள் மட்டும் கொடு என்று போனபார்ட் புலம்பியதாகச் சொல்வார்கள். பக்கத்தில் வந்தபிறகு பார்த்தால் மால்டாவிலிருந்து பின்தங்கி வந்த அவர்களுடைய கப்பலேதான்.

நகரத்துக்கு மேற்கே மராபூ கடற்கரை. படகுகள் கவிழ்ந்தன. நீச்சல் தெரியாத சிலர் போய்ச் சேர்ந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கரையேறியிருந்த நாலாயிரம் சொச்சம் பேரை அணிவகுத்துப் பார்த்தார் போனபார்ட். ஒரு குதிரை இல்லை. ஒரு பீரங்கி இல்லை. யாரிடமும் தண்ணீர் இல்லை. நடந்தார்கள். காஃபரெலி மரக்காலோடு மணலில் நடந்தார். சூரியன் ஏறியபோது மதிலுக்கு முன்னால் நின்றவர்களுக்கு நகரத்தைப் பிடிக்க ஒரே ஒரு காரணம் போதுமானதாக இருந்தது: உள்ளே கிணறு இருக்கிறது. ஏறும்போது தளபதி க்ளெபரின் நெற்றியில் குண்டு உரசியது. இன்னொரு தளபதி மெனூவுக்கும் பலத்த அடி. பாம்பி தூணின் அடியிலிருந்து போனபார்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குரையிம் சரணடைந்தார்.

இனி ரோமின் அரபு எழுத்துகளுக்கு வருவோம். இறைவனின் திருநாமத்தோடு தொடங்கும் ஒரு அறிவிப்பு ஊர் ஊராகப் பரவியது. நாங்கள் உங்கள் மதத்தை அழிக்க வரவில்லை; எகிப்தை ஆளும் மம்லூக்குகளை விட நாங்கள்தான் இறைவனையும் நபியையும் குர்ஆனையும் மதிக்கிறோம்; சுல்தானுக்கு நாங்கள் நண்பர்கள்; முஸ்லிம்களோடு போர் செய்யத் தூண்டிய போப்பை ஒழித்தவர்கள் நாங்கள், மால்டா வீரர்களை ஒழித்தவர்கள் நாங்கள். அதாவது, போப்பின் அச்சகத்தில் கிறிஸ்தவ வேதத்தை அச்சிட வார்த்த எழுத்துகளைக் கொண்டே, போப்பை வீழ்த்தினோம் என்று அச்சடித்தார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மால்டாவில் விடுதலை பெற்ற கைதிகள் என்று ஜபர்த்தி குறித்துவைத்திருக்கிறார். பெர்னின் பணத்தில் கிளம்பிய பயணத்துக்கு ரோம் வாயைக் கொடுத்தது, மால்டா கையைக் கொடுத்தது. ஒவ்வொரு ‘விடுதலை’யும் அடுத்த விடுதலைக்குச் செலவுக் காசு.

ஜபர்த்தி அந்த அறிவிப்பை வரிவரியாக எடுத்துவைத்துக்கொண்டு, இலக்கணப் பிழைகளை முதலில் பட்டியலிட்டார். பொய்களை அதற்கப்புறம்.

சுல்தானின் நட்பு பற்றி ஒரு வார்த்தை. அவரைச் சமாதானப்படுத்தத் தாலிரானே கான்ஸ்டான்டிநோபிள் போவதாகப் போனபார்ட்டிடம் பேச்சு. தாலிரான் பாரிஸை விட்டு நகரவே இல்லை.

*

பாலைவனத்தில் நாக்கு வறண்டு சுருண்டவர்களையும், கானல்நீரைப் பார்த்து ஓடியவர்களையும், ஜூலை 21 அன்று பிரமிடுகளின் பார்வையில் மம்லூக் குதிரைப்படை பிரெஞ்சுச் சதுர வியூகங்களில் மோதிச் சிதறியதையும் இந்த வாரம் தாண்டிப் போகிறேன். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். ஜூலை 24 அன்று போனபார்ட் கெய்ரோவில் இருந்தார் என்பது இப்போதைக்குப் போதும். ஏனென்றால் கடலில் ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நெல்சன் கிழக்கு மத்தியதரைக் கடலையே ஒரு சுற்றுச் சுற்றி, வெறுங்கையோடு சிசிலியின் சிரக்யூஸ் துறைமுகத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஜூலை 25 அன்று மறுபடி கிளம்பினார். ஜூலை 28 அன்று கிரேக்கக் கரையில், கோரோன் துறைமுகத்தின் துருக்கிய ஆளுநரிடமிருந்து ட்ரூப்ரிட்ஜ் செய்தி கொண்டுவந்தார்: நாலு வாரம் முன்பு கிரீட் தீவருகே பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்தார்கள், தென்கிழக்கே போனார்கள். முதலில் நினைத்ததே சரி!

புரூயே அப்போது அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கிழக்கே அபூகிர் வளைகுடாவில் நின்றிருந்தார். லோரியான் போன்ற பெரிய கப்பலைப் பழைய துறைமுகத்துக்குள் கொண்டுபோக ஆழம் போதுமா என்பதில் அவருக்குச் சந்தேகம். கோர்ஃபு தீவுக்குப் போகும்படி நான் சொன்னேனே என்று போனபார்ட் பிற்பாடு எழுதினார். பதில் சொல்லப் புரூயே உயிரோடு இல்லாதபோது எழுதினார் என்பதைக் கவனியுங்கள். பதின்மூன்று போர்க்கப்பல்கள் கரைக்கு இணையாக ஒரே வரிசையில், முன் நங்கூரம் மட்டும் போட்டு நின்றன. வரிசையின் தலையில் பழைய, பலவீனமான கப்பல்கள். தலைக்கு அப்பால் மணல் திட்டு. அந்தத் திட்டுக்கும் முதல் கப்பலுக்கும் இடையே யாரும் நுழைய முடியாது. வந்தால் கடல் பக்கமாகத்தான் வரவேண்டும். இதுதான் புரூயேயின் கணக்கு. அதனால் கரைப்பக்கத்துப் பீரங்கிகளைச் சுற்றி மூட்டை முடிச்சுகள் குவிந்து கிடந்தன.

ஆகஸ்ட் 1, பிற்பகல். கிணறு வெட்டவும் உணவு தேடவும் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஆட்கள் கரைக்குப் போயிருந்தார்கள். புரூயேக்கு வயிற்றுக் கோளாறு, சோர்ந்திருந்தார். லோரியானுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்தில் எண்ணெய் ஜாடிகள். கப்பல் தலைவர் காசபியாங்காவின் சிறுவயது மகனும் அப்பாவோடு அதில் இருந்தான். வடமேற்கே பாய்கள் தெரிந்தன. கரையிலிருந்தவர்களைத் திரும்பக் கூப்பிடச் சைகை ஏறியது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பொழுது சாயப்போகிறது, ஆழம் தெரியாத வளைகுடாவில் இருட்டில் எந்தப் பைத்தியக்காரன் சண்டைக்கு வருவான்? நாளைக் காலையில்தான் என்று புரூயே எதிர்பார்த்தார்.

நெல்சன் நிற்கவில்லை. மாலை ஐந்தரை மணிக்குத் தாக்குதல் சைகை ஏறியது. முதலாவதாக வந்துகொண்டிருந்த ‘கோலியத்’ கப்பலின் தலைவர் தாமஸ் ஃபோலியிடம் வளைகுடாவின் பிரெஞ்சு வரைபடம் ஒன்று இருந்தது. அவர் பிரெஞ்சு வரிசையின் முதல் கப்பலான ‘குவேரியர்’ நின்ற விதத்தைப் பார்த்தார். ஒற்றை நங்கூரத்தில் நிற்கிறது. காற்று மாறினால் அது முழு வட்டம் சுற்ற வேண்டும். சுற்ற இடம் இருக்கிறது என்றால் அந்தப் பக்கம், திட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே, தண்ணீர் இருந்தாக வேண்டும்.

கணக்கு தப்பினால் கோலியத் மணலில் ஏறும். பின்னால் வரும் கப்பல்கள் அதன்மேல் மோதும். பிரெஞ்சுப் பீரங்கிகள் நிதானமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கும். நெல்சனிடம் உத்தரவு கேட்க நேரமில்லை. முன்தளத்தில் ஆழம் பார்ப்பவன் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எண்ணைக் கூவிக்கொண்டே இருந்தான். எண் குறைந்துகொண்டே வந்தது.

ஃபோலி சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பச் சொன்னார்.

(தொடரும்)